கதிரியல் மாணவர்களுக்கு டிஜிட்டல் படக் காப்பகத்தைக் கொண்டு கற்பிக்கும் முறை

கதிரியல் வகுப்பில் வழக்கமாக நடப்பது இதுதான்: ஆசிரியர் ஒரு ஸ்கேனின் நூற்றுக்கணக்கான ஸ்லைஸ்களிலிருந்து (குறுக்குவெட்டுப் படங்களிலிருந்து) நோய் நன்றாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பவர்பாயிண்ட்டில் ஒட்டித் திரையில் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார்; மாணவரும் சரியாகச் சொல்லிவிடுகிறார். அதே மாணவர் இரவுப் பணியில் தனியாக உட்கார்ந்து 400 ஸ்லைஸ்கள் கொண்ட மார்பு சி.டி.யை உருட்டிப் பார்க்கும்போது அதே நோயைக் கோட்டைவிடுகிறார். எந்த ஸ்லைஸில், எந்த மூலையில் பார்க்க வேண்டும் என்ற கடினமான வேலையை வகுப்பில் ஆசிரியரே முன்கூட்டிச் செய்து முடித்துவிட்டதால் வரும் வினை இது. டிஜிட்டல் படக் காப்பகம் நம் கையில் இருப்பதன் உண்மையான பயன், அந்தத் தேடும் வேலையை மாணவரிடமே திருப்பிக் கொடுக்க முடிகிறது என்பதுதான். ஆகவே காப்பகத்திலிருந்து எடுப்பது எப்போதும் முழு ஸ்கேனாக இருக்க வேண்டும். அழகான ஒற்றைப் படம் பாடநூலுக்குப் போதும்.

முதுநிலைக் கதிரியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பெரிய செலவு எதுவும் தேவையில்லை. ஒரு பழைய கணினி, துறைக்குள் ஒரு வலையமைப்பு, வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஆகியவை இருந்தால் போதும்.

பொதுக் காப்பகங்களில் எதை எதற்கு எடுப்பது

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்புகளில் பெரும்பாலானவை கணினிக்குப் பயிற்சி கொடுப்பதற்காகத் திரட்டப்பட்டவை. மாணவர்களுக்கென்று திரட்டப்பட்டவை அல்ல. எனவே ஒவ்வொன்றிலும் விடை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரல் சி.டி. கற்பிக்க எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்தது, அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் இயங்கும் 'கேன்சர் இமேஜிங் ஆர்க்கைவ்' காப்பகத்திலுள்ள எல்.ஐ.டி.சி.-ஐ.டி.ஆர்.ஐ. தொகுப்பாகும். அதில் 1,018 மார்பு சி.டி. ஸ்கேன்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் அனுபவமிக்க நான்கு கதிரியல் மருத்துவர்கள் முதலில் தனித்தனியாகப் பார்த்து நுரையீரலிலுள்ள முடிச்சுகளை (சிறு உருண்டைக் கட்டிகளை) குறித்தார்கள். பிறகு மற்ற மூவரின் குறிகளையும் பெயர் தெரியாமல் பார்த்துவிட்டு, தங்கள் முடிவைத் தாங்களே மறுபரிசீலனை செய்தார்கள். ஒருமித்த கருத்துக்கு வரும்படி எவரும் வற்புறுத்தப்படவில்லை. அதன் விளைவு ஆசிரியருக்குப் பெரிய வரப்பிரசாதம்: குறைந்தது ஒருவராவது 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அளவுள்ள முடிச்சு என்று குறித்தவை 2,669; நான்கு பேரும் அவ்வாறே குறித்தவை அவற்றில் 928 மட்டுமே. முதலாண்டு மாணவர், தான் ஒரு முடிச்சைத் தவறவிட்டதும் துவண்டுபோகிறார். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்களும் ஒரே புள்ளியைப் பார்த்து ஒருவர் முடிச்சு என்றும் மற்றொருவர் இரத்தக் குழாயின் குறுக்குவெட்டு என்றும் சொல்வார்கள் என்பதை இந்தத் தொகுப்பைப் போல வேறு எதுவும் அவருக்குக் கண்முன் காட்டுவதில்லை.

இதே தொகுப்பில் பலர் கவனிக்காத இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு முடிச்சுக்கும் அது எவ்வளவு எளிதில் கண்ணில் படும் என்பதை 1 முதல் 5 வரை மருத்துவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 5 என்றால் பளிச்செனத் தெரிவது, 1 என்றால் மிகவும் மங்கலானது. இந்த எண்ணைக் கொண்டு பாடத்தின் படிநிலையை அமைக்கலாம். முதல் மாதம் 5, 4 மதிப்புள்ளவற்றைக் கொடுங்கள். மாணவர் ஒழுங்காக உருட்டிப் பார்க்கப் பழகிய பிறகு 3, 2 என்று இறங்குங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அவர்கள் கொடுத்துள்ள மதிப்பெண் படத்தைப் பார்த்துச் சொன்ன கருத்து மட்டுமே. திசுப் பரிசோதனை போன்ற வழிகளில் உறுதிசெய்யப்பட்ட விவரம் சிறு பகுதிக்கு மட்டுமே இருக்கிறது. எனவே இதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள்; இது புற்றா இல்லையா என்று தீர்மானிக்கும் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். முழுத் தொகுப்பையும் இறக்க நூறு ஜிகாபைட்டுக்கும் மேல் இடம் வேண்டும். அது தேவையே இல்லை. நாற்பது ஸ்கேன்களைத் தேர்ந்து இறக்கினால் ஓர் ஆண்டுக்குப் போதும்.

மார்பு எக்ஸ்ரேக்கு நிலைமை வேறு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவ மையம் 2017இல் வெளியிட்ட தொகுப்பில் 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள் உள்ளன. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அதிலுள்ள நோய்ப் பெயர்கள், பழைய அறிக்கைகளைக் கணினி நிரல் படித்துப் பிரித்தெடுத்தவை. ஒவ்வொரு படத்தையும் ஒரு மருத்துவர் திரும்பப் பார்த்து இட்டவை அல்ல. மேலும் படங்கள் 8 பிட் பி.என்.ஜி. கோப்புகளாகச் சுருக்கப்பட்டவை. நிமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை) என்று பெயரிடப்பட்ட படங்களில் கணிசமானவற்றில் மார்பில் ஏற்கெனவே வடிகுழாய் போடப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே வகுப்பில் கொடுத்தால் மாணவர் நுரையீரல் உறையின் மெல்லிய கோட்டைத் தேடக் கற்பதற்குப் பதிலாகக் குழாயைப் பார்த்து விடை சொல்லக் கற்றுவிடுவார். இந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் ஆசிரியர் தாமே படித்து, தம் விடையை எழுதிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்திலிருந்து வந்த மிமிக்-சி.எக்ஸ்.ஆர். தொகுப்பு இதைவிட மேலானது. அதில் 3,77,110 மார்பு எக்ஸ்ரே படங்கள், மருத்துவப் படங்களுக்கான மூல வடிவமான டைகாம் வடிவிலேயே கிடைக்கின்றன, 2,27,835 பரிசோதனைகளின் அறிக்கைகளும் உடன் இருக்கின்றன. அறிக்கை எழுதக் கற்பிக்க இதைவிட நல்ல மூலம் அரிது. ஆனால் அதைப் பெற ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயிற்சிச் சான்று பெற்று ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். ஆசிரியர் ஒருவர் வாங்கித் துறையின் சர்வரில் போட்டு எல்லோருக்கும் திறந்துவிடுவது ஒப்பந்த மீறலாகும். மாணவர்களையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தரவு நெறிமுறையைப் பற்றி அவர்கள் படித்துவிட்டு வருவதும் ஒரு வகையில் பாடம்தான்.

காசநோய்க்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்ட இரு சிறு தொகுப்புகள் கைக்கு அடக்கமானவை: அமெரிக்காவின் மாண்ட்கோமரி மாவட்டத்திலிருந்து 138 எக்ஸ்ரேக்கள், சீனாவின் ஷென்சென் நகர மருத்துவமனையிலிருந்து 662. இரண்டிலும் இயல்பான படங்கள் கலந்தே இருக்கின்றன; அதுதான் அவற்றின் சிறப்பு. ரேடியோபீடியா, யூரோராட் போன்ற தளங்களை நோயைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளப் பயன்படுத்தலாம். தலைப்பே நோயின் பெயரைச் சொல்லிவிடுவதால் அவற்றை அப்படியே தேர்வுக்குக் கொடுக்க முடியாது.

சொந்தத் துறையின் பேக்ஸிலிருந்து எடுப்பது

எவ்வளவு பொதுத் தொகுப்புகள் இருந்தாலும், நம் துறையின் படச் சேமிப்பு அமைப்பான பேக்ஸில் இருப்பதுதான் நம் மாணவர் நாளை பார்க்கப்போகும் நோய். நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் (மூளையில் நாடாப்புழுத் தொற்று), குடல் காசநோய், கணையத்தில் கல் படிந்த நாள்பட்ட அழற்சி போன்றவை வெளிநாட்டுத் தொகுப்புகளில் தேடினாலும் நம் தேவைக்குக் கிடைக்காது.

ஒரு கேஸைச் சேர்ப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: விடை இதுதான் என்பது நமக்கு எப்படித் தெரியும்? பயாப்சி, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மறுநாள் எடுத்த எம்.ஆர்.ஐ., ஆறு மாதம் கழித்து எடுத்த சி.டி. ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சான்றாக வேண்டும். 'நம் பேராசிரியர் அப்படித்தான் சொன்னார்' என்பது மட்டுமே சான்றாக இருந்தால், அதையும் மறைக்காமல் கேஸ் குறிப்பில் எழுதி வையுங்கள்; சேர்க்கக் கூடாது என்பதில்லை, மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். கேஸைக் கண்டதும் குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு தேடிப் பிடிப்பது கடினம் என்பதால், பணி மேசையிலேயே ஒரு பதிவேடு வைத்து, பரிசோதனை எண்ணையும் காத்திருக்கும் சான்றையும் ஒரே வரியில் எழுதி வருவது நல்ல பழக்கம். மாதம் ஒருமுறை நோய்க்குறியியல் துறைக்குப் போய் அந்த வரிகளுக்கு விடை வாங்கி வரும் பொறுப்பை இரண்டாமாண்டு மாணவரிடம் ஒப்படைக்கலாம். அவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

நோயாளியின் அடையாளத்தை நீக்குதல்

நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில் வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்ட பிறகு, 'பாடத்துக்குத்தானே' என்ற சமாதானம் செல்லாது. அனுமதி கிடைத்ததும் செய்ய வேண்டிய வேலை, பலர் நினைப்பதுபோல் பெயரை அழிப்பதோடு முடிவதில்லை.

ஒரு டைகாம் கோப்பைத் திறந்து அதன் தலைப்புப் பகுதியைப் பாருங்கள். (0010,0010) என்ற இடத்தில் பெயர், (0010,0020) இல் நோயாளி எண், (0010,0030) இல் பிறந்த தேதி, (0008,0080) இல் மருத்துவமனையின் பெயர், (0008,0050) இல் பரிசோதனைப் பதிவு எண் ஆகியவை இருக்கும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. இதற்கு அப்பால், தொழில்நுட்பர் அவசரத்தில் தட்டியது எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது: நோயாளி எண் கேட்ட இடத்தில் கைப்பேசி எண் இருக்கும், பரிசோதனை விளக்கத்தில் கணவர் பெயர் இருக்கும், குறிப்புகளுக்கான (0010,4000) இல் அனுப்பிய மருத்துவரின் பெயரும் ஊரும் இருக்கும். இவை தவிர, குழு எண் (அடைப்புக்குறிக்குள் முதலில் வரும் எண்) ஒற்றைப்படையாக இருப்பவை இயந்திரத் தயாரிப்பாளரின் சொந்தக் கட்டங்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் மொத்தமாக நீக்கிவிடுவதே பாதுகாப்பு. வட அமெரிக்கக் கதிரியல் சங்கத்தின் சி.டி.பி. என்ற இலவச மென்பொருள் இந்த வேலையை விதிமுறைக் கோப்பு ஒன்றின்படி ஒரேசீராகச் செய்துதரும். தேதிகளை அழித்துவிடாமல், ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாள்கள் முன்னோ பின்னோ நகர்த்துங்கள். அப்போதுதான் முதல் ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி மாணவருக்குத் தெரியும்.

தலைப்பைச் சுத்தம் செய்த பிறகும் படத்துக்குள்ளேயே எழுத்து பொறிக்கப்பட்டிருக்கலாம். அல்ட்ராசவுண்டு படத்தின் மேல் ஓரத்தில் பெயரும் வயதும் படத்தின் பகுதியாகவே இருக்கும். ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய ஃபிலிமிலும், சி.டி.யின் கடைசியில் வரும் கதிர்வீச்சு அளவுப் பக்கத்திலும் அப்படியே. எந்த மென்பொருளையும் நம்பிவிடாமல் ஒவ்வொரு வரிசையையும் ஒருவர் கண்ணால் பார்த்து முடிக்க வேண்டும். தலையின் மெல்லிய ஸ்லைஸ் சி.டி.யிலிருந்து முகத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கிவிடலாம் என்பதால், துறைக்கு வெளியே போகும் தொகுப்பில் முகப் பகுதியை நீக்கிவிடுங்கள். மகப்பேற்று ஸ்கேன்களில் கருவின் பாலினம் தெரியும் படங்களை, கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்தில் வைத்து, சேர்க்காமலே விட்டுவிடுவது நல்லது.

பவர்பாயிண்ட்டைப் பற்றி ஒரு சொல். படத்தின் மேல் ஓரத்திலுள்ள பெயரை அதன் 'கிராப்' வசதியால் வெட்டினால், வெட்டிய பகுதி மறைகிறதே ஒழிய, தனியே நீக்கச் சொல்லாதவரை கோப்பில் அப்படியே இருக்கிறது. கோப்பைப் பெறும் எவரும் அதை இழுத்து விரித்துப் பார்க்கலாம்.

சர்வரும் வியூவரும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உருவான ஆர்த்தாங்க் என்ற இலவச டைகாம் சர்வர் சாதாரணக் கணினியிலேயே ஓடும், அதனுடன் படம் பார்க்கும் மென்பொருளான ஓ.எச்.ஐ.எஃப். வியூவரை இணைத்துவிட்டால் மாணவர்கள் பிரவுசரிலேயே ஸ்கேனைத் திறந்து உருட்டலாம், விண்டோவை (எந்த அளவுச் சாம்பல் நிறங்களைத் திரையில் காட்டுவது என்ற அமைப்பை) மாற்றலாம், அளக்கலாம். தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்; துறையின் உள்வலையமைப்புக்கு வெளியே அதைத் திறந்துவிடாதீர்கள். சி.டி.யின் ஒவ்வொரு ஸ்லைஸும் பெரும்பாலும் 512-க்கு 512 புள்ளிகள்தான் என்பதால் சாதாரண மானிட்டர் போதும். மார்பு எக்ஸ்ரேயும், மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் அப்படியல்ல. அவற்றை நல்ல மானிட்டரில், அறை விளக்கைத் தணித்து மட்டுமே கொடுக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்து விடை அனுப்பும் வழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

ஒரு கேஸ் எப்படி இருக்க வேண்டும்

எடுத்துக்காட்டாக, இடது கையும் காலும் செயலிழந்து இரண்டு மணி நேரத்தில் வந்த ஒருவரின் கான்ட்ராஸ்ட் இல்லாத மூளை சி.டி.யை எடுத்துக்கொள்வோம். மாணவருக்குக் கொடுப்பது முழு ஸ்கேனும், விண்ணப்பத்தில் இருந்தது போன்ற ஒரே வரியும்தான். வழக்கமான மூளை விண்டோவில், அதாவது அகலம் 80, மையம் 40 என்ற அமைப்பில், படம் கிட்டத்தட்ட இயல்பாகவே தெரியும். விண்டோவை அகலம் 40, மையம் 40 என்று குறுக்கினால், மூளையின் உள்மடிப்பான வலப்பக்க இன்சுலாவின் ஓரத்தில் சாம்பல் பகுதிக்கும் வெண்பகுதிக்கும் இடையிலுள்ள எல்லை அழிந்திருப்பது புலப்படும். மூளையின் ஆழத்திலுள்ள லென்டிஃபார்ம் கருவின் வரம்பும் மங்கியிருக்கும். கீழே உருட்டினால் வலது நடுப்பெருமூளைத் தமனி வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரியும்; இவை தமனி அடைபட்டு வந்த பக்கவாதத்தின் தொடக்க அடையாளங்கள். யாரும் சொல்லாமலே விண்டோவை மாற்றிப் பார்க்கும் பழக்கம் மாணவருக்கு வந்துவிட்டதா என்பதுதான் இந்தக் கேஸின் உண்மையான கேள்வி. ஜே.பி.ஜி.யாக மாற்றிய படத்தில் இதைக் கேட்கவே முடியாது; 12 பிட்டில் 4,096 படிகளாக இருந்த சாம்பல் நிறங்கள் 256 ஆகச் சுருங்கி, ஆசிரியர் தேர்ந்த விண்டோ மட்டும் எஞ்சியிருக்கும். விடையாக, மறுநாள் எடுத்த சி.டி. தனிக் கோப்பில் காத்திருக்க வேண்டும்.

மாணவர் விடையைப் பார்க்கும் முன் மூன்றை எழுதித் தர வேண்டும்: கண்டது என்ன, முடிவு என்ன, அந்த முடிவில் 1 முதல் 5 வரை எவ்வளவு உறுதி. எழுதாமல் மனத்தில் நினைத்துக்கொண்டவர், விடை வெளிவந்ததும் தாமும் அதையே நினைத்ததாக உண்மையிலேயே நம்பிவிடுவார். இது எவருடைய நேர்மையைப் பற்றிய பேச்சும் இல்லை. மனம் வேலை செய்யும் விதம் அப்படி.

ஓர் அமர்வுக்குப் பத்து கேஸ்கள் போதும். அவற்றில் குறைந்தது நான்கு கேஸ்களேனும் இயல்பானவையாக இருக்கட்டும். எல்லாமே நோயுள்ளவை என்று தெரிந்தால் மாணவர் இல்லாததையும் கண்டுபிடிப்பார். 'இது இயல்பானது' என்று கையொப்பமிடும் துணிவு வகுப்பில் வராவிட்டால் பணியிடத்தில் எப்போதும் வராது. ஒரே நோயின் பத்து கேஸ்களை வரிசையாகக் கொடுப்பதையும் தவிருங்கள். மூன்றாவதற்குப் பிறகு அவர் படத்தைப் பார்ப்பதே இல்லை.

தவறை அலசுவது

ஹரோல்டு குண்டலும் கால்வின் நோடினும் 1970களில், மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும்போது கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்து, முடிச்சைத் தவறவிடுவதை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: கண் அந்த இடத்துக்கே போகாதது, போயும் நொடிப் பொழுதில் கடந்துவிட்டது, நின்று பார்த்தும் ஒன்றுமில்லை என்று ஒதுக்கியது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நம்மிடம் கண் நகர்வைப் பதிவுசெய்யும் கருவி இல்லாவிட்டாலும், தவறவிட்ட இடத்தைச் சுட்டி, "இதைக் கவனித்தீர்களா, கவனித்தால் என்னவென்று நினைத்தீர்கள்?" என்று கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதல் வகைத் தவறுக்கு, நுரையீரல் உச்சி, இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே என்று ஒரு மாறாத வரிசையைப் பழக்க வேண்டும். மூன்றாம் வகைக்கு வரிசை உதவாது; அதே தோற்றம் தரும் இயல்பான குழாய்களையும் முடிச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். மேலே சொன்ன நான்கு மருத்துவர் குறித்த தொகுப்பு இங்கேதான் மிகவும் கைகொடுக்கும்: ஒருவர் மட்டும் குறித்து மூவர் விட்ட இடங்களை எடுத்து, மாணவர்களை இரு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள்.

தேடும் பொருளைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் சி.டி.யின் சில ஸ்லைஸ்களில் கொரில்லா உருவம் ஒன்றைச் செருகி வைத்து, முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். 24 கதிரியல் மருத்துவர்களில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை. மாணவர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், முடிச்சுக்காகக் கொடுத்த அதே ஸ்கேனைத் திரும்பத் திறந்து, எலும்பு விண்டோவில் விலா எலும்புகளையும், கடைசி ஸ்லைஸ்களில் அட்ரினல் சுரப்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பு

மாணவர்கள் தந்த விடைகளையும் உறுதி எண்களையும் ஒரு எக்செல் தாளில் சேர்த்து வந்தால், ஓர் ஆண்டில் காப்பகத்தைப் பற்றியே பல செய்திகள் தெரியவரும். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேஸை முதலாண்டுக்கு மாற்றுங்கள். எவருமே சரியாகச் சொல்லாத கேஸின் விடையை முதலில் சந்தேகியுங்கள்; சான்றை மீண்டும் எடுத்துப் பார்த்தால் சில வேளைகளில் மாணவர்கள் சொன்னதே சரியாக இருக்கும். 5 என்ற உறுதியோடு பலர் தவறாகச் சொன்ன கேஸ்களைத் தனி அடைவில் வைத்து, அடுத்த ஆண்டு இரவுப் பணி தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் எடுத்துக் கொடுங்கள். சீனியர்கள் ஜூனியர்களுக்கு விடைகளைச் சொல்லிவிடுவார்கள் என்பதால், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கையாவது மாற்றுவதும், வலப்பக்க நோயுள்ள கேஸுக்குப் பதிலாக இடப்பக்க நோயுள்ள வேறொரு கேஸை இடுவதும் அவசியம். பழையதை அழிக்க வேண்டாம். சான்றுக் குறிப்போடு தனியே வைத்தால் நான்கைந்து ஆண்டுகளில் அதுவே புதிய மாணவர்களுக்கு மீண்டும் புதிதாகிவிடும்.